கழுத்தில் பலூன் விட்டால் நரம்பு நோய் தீருமா?

'மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்' பொல்லாத நோய். மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் மேலுறை கெட்டு, கை கால் தளரும்; கண் மங்கும். அடக்கி வைக்க மருந்து உண்டு. அடியோடு தீர்க்க இல்லை.

2009-ல் இத்தாலி டாக்டர் பாவ்லோ சம்போனி ஒரு குண்டைப் போட்டார். கழுத்து ரத்தக்குழாய் சுருங்கி, மூளையிலிருந்து ரத்தம் சரியாக இறங்காததே வினை. பலூன் விட்டு விரித்தால் குணம் தெரியும் என்றார். அவர் மனைவிக்கே இந்த நோய்!

கனடாவில் ஒரே அமளி. உள்ளூரில் செய்ய மறுத்ததால், கைக்காசைக் கொட்டி போலந்து, கோஸ்டாரிகா, நம் இந்தியா என்று பறந்தார்கள். 2010-ல் கோஸ்டாரிகாவில் செய்துகொண்ட ஒருவர் ரத்தக்கட்டு ஏற்பட்டு உயிரையே விட்டார்.

2017-ல் குட்டு உடைந்தது! கனடாவில் 104 பேருக்குச் சோதனை. சிலருக்கு நிஜ பலூன். மற்றவர்களுக்குச் சும்மா பாவனை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. பலன்? இரண்டும் ஒன்றுதான்! சம்போனி தாமே நடத்திய சோதனையிலும் பலனில்லை. அவரே எழுதி ஒப்புக்கொண்டார்.

அது பெரிய மனசு. சோதனை முடியுமுன்னே கடை விரித்தவர்களை என்ன சொல்வது?

நாளைக்கு யாராவது 'புது வைத்தியம்' என்றால், பர்சைத் திறக்குமுன் கேளுங்க: "சோதனை முடிஞ்சுதா, சார்?"