‘லாம்’ வேறு, ‘வேண்டும்’ வேறு



ஒரு சிறு துணைவினை ஓரினத்தின் வாழ்வோடு விளையாடும் என்று எவரேனும் கூறின் நம்முள் பலர் நகைப்பர். ஆயினும் அவ்விளையாட்டு இந்நாட்டில் நடந்ததே!

பதினைந்தாண்டுக் கெடு முடிந்த பின்னரும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர வழிசெய்வதாகக் கூறிக்கொண்டு வந்தது, 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவில் இருந்த ஆங்கிலத் துணைவினை, கட்டாயங் குறிக்கும் ‘சல்’ அன்று. இசைவு குறிக்கும் ‘மே’. அஃதாவது, ஆங்கிலம் ‘தொடர வேண்டும்’ என்று எழுதினாரில்லை. ‘தொடரலாம்’ என்றே எழுதினர்.

தொடரலாம் எனின், தொடராமலும் விடலாம் அன்றோ? மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா அச்சட்டத்தை எதிர்த்தார். தலைமை அமைச்சர் நேருவோ, ‘மே’ என்பதற்கு ‘சல்’ என்றே பொருள் என்றார். பொருள் அதுவே ஆயின், அச்சொல்லையே எழுதத் தடுத்தது எது? 1964ஆம் ஆண்டு நேரு மறைந்தார். வாய்மொழி அவரோடு போயிற்று, ஏட்டுமொழி நின்றது.

1965 சனவரியில் தமிழ்நாடு கொதித்தெழுந்தது. மாணவர் தெருவுக்கு வந்தனர். கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தம் உடலைத் தீக்குத் தந்தனர். அதன் பின்னர், 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு ஒன்றிய அரசு கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலம் கட்டாயம் என்னும் ‘சல்’ ஏறிற்று. முதன்மைத் தொடரிலோ அந்த ‘மே’ இன்றும் அப்படியே உள்ளது.

இனி, நம் தமிழைப் பாருங்கள். ‘வரலாம்’ என்பது இசைவையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். ஆனால், அஃது ஒருகாலும் ‘வரவேண்டும்’ என்னும் கட்டாயம் ஆகாது. ‘வேண்டும்’ என்பதோ ஐம்பாற்கும் மூவிடத்திற்கும் பொதுவாய் நின்று ஆளுக்கேற்ப வளையாதது. உறுதிக்கு வேறு வழியும் வைத்தனர் நம் முன்னோர். ஏகாரத்தின் ஐம்பொருள்களுள் தேற்றத்தையும் ஒன்றாகத் தொல்காப்பியர் இடையியலில் வகுத்தார். ‘உண்டே’ என்றபின் ஐயத்திற்கு இடமேது?

ஆங்கில ‘மசுட்டு’ கட்டாயத்தையும் உய்த்துணர்வையும் ஒருங்கே சுமக்கும். அதைப் பின்பற்றியே நம் படித்தவர், ‘மழை பெய்திருக்கும்’ என்று நம் தாய்மார் இயல்பாகச் சொல்வதை, ‘மழை பெய்திருக்க வேண்டும்’ என்று எழுதுகின்றனர். மழைக்கு யார் கட்டளையிட்டார்?

எழுத்துப் பிழையளவில் இது நிற்குமாயின் பொறுக்கலாம். நில்லாதே! தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இலேயே வந்தது. ஆயினும், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி, நாம் தமிழிலேயே ஒரு சட்டம் இயற்றினும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பே செல்லத்தக்க மூலமாகக் கொள்ளப்படும். நம் ‘வேண்டும்’ வழக்குமன்றப் படியேறுகையில் ‘சல்’ ஆகிவிடும். அதனைக் கட்டாயமென்பதா, வெறும் வழிகாட்டலென்பதா என்று வழக்கறிஞர் வாதிடுவர். சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானித்தது. அவ்வேண்டுகோள் இன்னும் நிறைவேறவில்லை.

அன்று நாம் ஆங்கிலத்தைக் கேடயமாகக் கொண்டோம். கேடயம் வீடாகாது. நம் உரிமையின் உறுதி, அயன்மொழித் துணைவினையின் நிழலில் ஒதுங்கி நிற்றல் தகாது. தமிழ் ஆளலாம் என்பாரிடம் கூறுவோம்: தமிழே ஆளவேண்டும்!