நாற்காலிகளைக் கூட்டுவதா சீர்திருத்தம்?

பினாங்கு தண்ணீர்மலையடியில் தைப்பூசத்தன்று வரிசையாய் நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களைக் காணாதார் இலர். அவற்றுள் பலவற்றின் பின்னே ஒரு சிறு சங்கம் உண்டு. சங்கமென்றால் சந்தா உண்டு; உண்டியல் உண்டு; சிலவற்றுக்குச் சொந்தக் கட்டடமும் உண்டு. இத்தகைய சிறு சங்கங்களில், "நிர்வாக சபையைத் திருத்தியமைக்கிறோம்" என்னும் பேச்சு அடிக்கடி எழுகிறது. பேச்சு நல்லதே. ஆனால் திருத்தம் என்ற பெயரால் நடப்பது என்ன?

ஓர் உபதலைவர் இருந்த இடத்தில் மூவர் அமர்கின்றனர். ஆலோசகர் குழுவென்று ஒன்று புதிதாய்த் தோன்றுகிறது. பழைய தலைவர் ஆயுட்காலக் கௌரவத் தலைவராகிறார். அவருடைய மருமகனே பொக்கிஷதாராகிறார். ஐம்பது அங்கத்தினர் கொண்ட சங்கத்திற்கு இருபது உத்தியோகஸ்தர்கள்! அடுப்பண்டையில் ஒருவருமின்றிப் பந்தி விசாரிக்கப் பத்துப்பேர் நிற்கும் கலியாண வீட்டை இதற்கு ஒப்பிடலாம். நாற்காலிகளைக் கூட்டுவது சீர்திருத்தமன்று; உட்கார்ந்தவர் எழுந்திருக்க வழி செய்வதே சீர்திருத்தம் என்பது நமது அபிப்பிராயம்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டை அறிதல் வேண்டும். முதற் பராந்தகன் காலத்தில், 919-ல், அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையை வகுத்தனர். இரண்டே ஆண்டில், 921-ல், அதனையே மீண்டும் திருத்தினர். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்தனர். வாரியத்தின் காலம் ஓராண்டு. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியஞ் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன் ஆகியோருக்கும் இடமில்லை!

அச்சபை பிராமண நிலவுடைமையாளருக்கே உரியதாயிருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. அந்த அநீதியை நாம் அடியோடு தள்ளுகிறோம். ஆயினும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் கண்டுகொண்ட உண்மையை இன்றைய சங்கங்கள் காண மறுப்பதுதான் வியப்பு.

"நாங்கள் விலகினால் அனுபவம் போய்விடும், வேறு ஆளும் இல்லை" என்பது வழக்கமான ஆட்சேபணை. சாவியை இருபது வருஷம் மடியில் முடிந்துகொண்டவர், கதவைத் திறக்க வேறு ஆளில்லை என்று முறையிடுவது நியாயமாகுமா? அனுபவத்திற்கும் அவ்வூரார் வழி கண்டிருந்தனர்: தோட்டவாரியத்திலும் ஏரிவாரியத்திலும் முன்பு பழகிய முதியோரையே சம்வத்சர வாரியத்திற்கு எடுத்தனர். பழக்கினால் ஆள் உண்டாவர். பழக்காவிடில் எங்கிருந்து வருவர்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் பேதைமை. நீரிணைக் குடியேற்றங்களில் 1889-லேயே சங்கங்களுக்கெனச் சட்டம் பிறந்தது. இன்று மலேசியாவில் நடப்பது 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம். மகாசபை கூடிய அறுபது நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவாளருக்குச் செல்ல வேண்டுமென்பது அதன் விதி. பதிவாளருக்குக் காகிதம் போய்ச் சேரும். அங்கத்தினர் வாய் திறவாவிடில், அக்கணக்கைக் கேள்வி கேட்பார் யார்?

ஆதலால் நாம் வேண்டுவன இவை: நிர்வாக சபை ஏழு அல்லது ஒன்பது பேருக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்கினர் விலகவேண்டும். விலகியவர் மூன்றாண்டு கழித்தே மீண்டும் நிற்கலாம். தலைவரும் காரியதரிசியும் பொக்கிஷதாரும் ஒருவருக்கொருவர் உறவினராயிருத்தல் ஆகாது. தணிக்கை செய்த கணக்கு, கூட்டத்திற்குப் பதினான்கு நாள் முன்னரே ஒவ்வோர் அங்கத்தினர் கையிலும் சேரவேண்டும். சேராவிடில் அவ்வாண்டு நிர்வாகிகள் தேர்தலில் நிற்கலாகாது. சமையற்கட்டில் மட்டும் நினைக்கப்படும் பெண்களும், மேசை தூக்க மட்டும் அழைக்கப்படும் இளைஞரும் சபையில் அமரவேண்டும்.

இவற்றை எழுத ஒரு தாள் போதும். எழுதாவிடில், வியர்வை சிந்திய முன்னோர் காசுகாசாய்ச் சேர்த்த பொதுச்சொத்து, பெயரளவில் சங்கமாகவும் உண்மையில் ஒரு வீட்டு உடைமையாகவும் முடியும். தோழர்களே! அடுத்த மகாசபையில் பலகாரம் வருமுன் எழுந்து நின்று கேளுங்கள்: கணக்கு எங்கே? நீங்கள் எழுந்திருப்பது எப்போது?