வெள்ளம் வந்தால் யார் பேச்சைக் கேட்கிறோம்?

2025 மார்ச் 20-ஆம் தேதி ஜொகூர் பாரு வட்டாரத்தை நனைத்த மழையை தம்போய் மக்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். வானம் இருண்டாலே இப்போது நம் கை முதலில் தேடுவது கைப்பேசியைத்தான். டிக்டாக்கில் யாரோ ஒருவர் சொல்வதே வானிலை அறிக்கை. அவர் சொல்லும் காரணமே நம் கருத்து.

இங்குதான் சிக்கல். 45 நாடுகளைச் சேர்ந்த 500 சமூக ஊடகப் பிரபலங்களிடம் யுனெஸ்கோ நடத்திய ஆய்வு 2024 நவம்பரில் வெளியானது. அவர்களில் 62 விழுக்காட்டினர், ஒரு தகவலைப் பகிருமுன் அதை முறையாகச் சரிபார்ப்பதில்லை என்று தெரியவந்தது.

2024 ஏப்ரலில் துபாய் வெள்ளத்தில் மூழ்கியபோது, செயற்கை மழைக்காக மேகங்களில் ரசாயனம் தூவியதே காரணம் என்ற காணொளிகள் உலகெங்கும் பரவின. அதில் செயற்கை மழைக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்று அறிவியலாளர்கள் விளக்கினர். ஆனால், அந்த விளக்கம் வதந்தி போன வேகத்தில் போகவில்லை.

பொய்யின் வடிவமும் மாறிவிட்டது. யூடியூப் காணொளிகளை ஆராய்ந்த டிஜிட்டல் வெறுப்பு எதிர்ப்பு மையம் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. "பூமி சூடாகவில்லை" என்ற பழைய வாதம் குறைந்து, "தீர்வுகள் பலிக்காது, அறிவியலாளர்களை நம்ப முடியாது" என்ற வாதங்கள் பெருகியுள்ளன என்கிறது அது. முதல் வாதம் மக்களைக் குழப்பியது. இரண்டாவது அவர்களைக் கைகட்டி உட்கார வைக்கிறது. எது ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக எல்லாப் பிரபலங்களையும் ஒதுக்கிவிட முடியாது. "தமிழ்நாடு வெதர்மேன்" என அறியப்படும் பிரதீப் ஜான் அரசு வானிலை அதிகாரி அல்லர். இருந்தும் 2015 சென்னை வெள்ளத்தின்போது, பீதியைக் கிளப்பும் வதந்திகளுக்கு நடுவே எளிமையாக மழை நிலவரத்தை விளக்கி நம்பிக்கையைப் பெற்றார். ரேடார் படம், மழை அளவு என ஆதாரத்தோடு பேசுவதே அவர் பலம்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும் மழை கனமாகிறது. அடைபட்ட கால்வாயும் முறையற்ற மேம்பாடும் அந்த நீரை வீட்டுக்குள் கொண்டு வருகின்றன. கால்வாயை மட்டும் குறை சொல்பவரும், பருவநிலையை மட்டும் குறை சொல்பவரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மையை நம்பும் மக்கள் நகராண்மையிடமும் அரசிடமும் பாதிக் கேள்வியைத்தான் கேட்பார்கள்.

ஆகவே, ஒரு காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: இவர் ஆதாரம் காட்டுகிறாரா? எப்போது, எங்கே எடுத்த படம்? மலேசிய வானிலை ஆய்வுத் துறை என்ன சொல்கிறது? நம் இளைஞர்களில் பலர் இன்று ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் பிரபலங்கள். வெள்ள எச்சரிக்கையை அவர்கள் தமிழில் சரியாகச் சொன்னால், தாழ்வான பகுதியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி நேரத்தோடு மேட்டுக்குப் போக முடியும். லைக்கைவிட அதுதான் பெரிது.