வளவு மரமும் மாநகர சபையும்

கொழும்பு மாநகரிலே சொந்தக் காணியில் நிற்கும் மரமொன்றை வெட்டலாமா, வெட்டக்கூடாதா? வெட்டலாமெனில் யாரிடம் உத்தரவு பெறுவது? கூடாதெனில் எந்தச் சட்டத்தின்படி கூடாது? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பத்து வீட்டுக்காரரிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார். மற்றொருவர் மாநகர மண்டபத்தைக் காட்டுவார். இன்னொருவர் பொலிஸ் நிலையத்தில் ஒரு சொல் சொல்லிவைத்தாற் போதும் என்பார். கேட்பது வீண்வேலை, விடுமுறை நாளில் ஆளைப் பிடித்து வெட்டிவிடுங்கள் என்று புத்தி சொல்பவரும் உண்டு.

இதற்காக மக்களை நோவதிற் பயனில்லை. சட்டமே பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. அத்துண்டுகளைத் திரட்டி, மக்கள் தேர்ந்தெடுத்த மாநகர சபை, மக்களுக்கு விளங்கும் மொழியில், ஒரே விதியாக வகுத்துத் தரவேண்டும் என்பதே இவ்வாரம் நாம் வற்புறுத்துவது.

1951ஆம் ஆண்டுச் சட்டம்

இன்று நடைமுறையிலுள்ள முதன்மையான சட்டம் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வீழ்த்துதல் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். காணி தம்முடையதேயாயினும், பலா, ஈரப்பலா, பெண்பனை போன்ற குறித்த மரங்களை அனுமதிப்பத்திரமின்றி எவரும் வெட்டலாகாது. விண்ணப்பம் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையுடன் பிரதேச செயலாளருக்குச் செல்ல வேண்டும். வெள்ளவத்தையார் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனையார் கொழும்புப் பிரதேச செயலகத்தையும் நாட வேண்டும். வெட்டிய மரம் தேக்கு, முதிரை போன்றதாயின், அதை ஏற்றிச் செல்வதற்கு வேறொரு பத்திரம் வேண்டும். அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

இச்சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. உணவு தரும் மரங்களைக் காப்பதே அதன் உயிர்நாடி. சிங்கள மக்கள் பலாவைச் சோற்றுமரம் என்பர். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்பட்டவர். பின்னர் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தி, 'கொஸ் மாமா' என்று மக்கள் அழைக்கும் பெருமை பெற்றார். வடபுலத்திலே அந்த இடம் பனைக்குரியது. ஒடியலும் பனாட்டும் எத்தனை பஞ்சங்களில் எம் மூதாதையரைத் தாங்கின என்பதை யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இச்சட்டம் மரத்தின் சாதியைப் பார்க்கின்றது. அது நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. கிராமத்துக்கு இது பொருந்தும். நகரத்தில் ஒரு மரத்தின் மதிப்பு அதன் காயிலும் கனியிலும் மட்டும் இல்லை. வெயிலைத் தடுப்பதும், மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதும், புழுதியை வடிப்பதும் அங்கே அதன் தொழில். முற்றத்து வேம்பு இத்தனையும் செய்தாலும், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் அதற்கு இடமில்லை. காய்ப்பு நின்றுபோய், கூரைமேற் சாய்ந்து நிற்கும் கிழப்பலாவுக்கோ அச்சட்டத்தின் முழுக் காவலும் உண்டு.

வெள்ளவத்தையின் குறை

வெள்ளவத்தையின் இன்றைய தோற்றத்துக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கின்றது. 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்த வீடுகளின் இடத்திலும், பின்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் இருப்பிடம் தேடிய அவசரத்திலும், காலி வீதிக்கு இருமருங்கும் தொடர்மாடிகள் எழுந்தன. முற்றமும் கிணறும் மாமரமும் இருந்த வளவுகள் தூண்களும் வாகனத் தரிப்பிடங்களுமாயின. தொடர்மாடிகளை நாம் எதிர்க்கவில்லை. அவற்றிற் குடியிருப்போர் நம்மவரே. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமென்று வந்தவர்களே.

எமது கேள்வி வேறு. ஒரு தொடர்மாடி கட்டுவதற்குப் படம் வரைந்து அனுமதி பெறாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் மாநகர சபையின் அதிகாரமும் அங்கே ஒன்றுசேர்கின்றன. சுவர் எங்கே, வடிகால் எங்கே, வீதியிலிருந்து எத்தனை அடி தள்ளி என்றெல்லாம் அப்படத்தில் அளந்து காட்டப்படுகின்றது. வளவில் நிற்கும் பெருமரம் ஒவ்வொன்றையும் அதே படத்திற் குறித்து, எது நிற்கும், எது விழும், விழுவதற்கு ஈடாக எது நடப்படும் என்று எழுதச் செய்வதற்குப் புதிய திணைக்களம் வேண்டுமா? புதிய உத்தியோகத்தர் படை வேண்டுமா? ஒரு விதி போதும்.

மாநகர சபைக்கு நாம் கட்டும் வரிக்குத் தமிழிலே சோலைவரி என்று பெயர். வரி தவணை தவறாமல் அறவிடப்படுகின்றது, சோலையைத்தான் காணோம். 2018ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது கொழும்பு. சதுப்பு நிலத்துக்குப் புகழ்தேடிய நகரம், குடிமக்களின் வளவுகளில் நிற்கும் பசுமையைக் கணக்கில் எடுக்காதிருப்பது பொருந்துமா?

கொட்டாஞ்சேனையின் குறை

கொட்டாஞ்சேனையில் நிலைமை தலைகீழ். ஜம்பட்டா வீதியிலும் புளூமெண்டல் வீதியிலும் அவற்றின் ஒழுங்கைகளிலும் ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்கின்றன. அங்கே ஒரு வளவில் மரம் நின்றால், அதன் கிளை நான்கு கூரைகளின்மேற் படர்கின்றது. காணி ஒருவருடையது, அபாயம் நால்வருடையது. காணிக்காரர் வெளிநாட்டில் இருக்கலாம். காணி பிரிவினை வழக்கில் கிடக்கலாம். தகரக் கூரையின்கீழ்ப் பிள்ளைகளைப் படுக்கவைத்து, காற்று வீசும் இரவெல்லாம் விழித்திருக்கும் அயலவர் எங்கே போவது?

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. எல்லை தாண்டிவந்த கிளையை அகற்றும்படி அயலவரைக் கேட்கலாம். கேட்டும் அகற்றாவிடின் எல்லைவரை வெட்டலாம் என்பது இந்நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தின் பொதுநெறி. பொதுமக்களுக்குத் தொல்லையாய் நிற்பதை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதவானுக்கு அளிக்கின்றது. ஆனால் நாட்கூலிக்குப் போகும் ஒருவர், ஒரு கிளைக்காக நியாயவாதியை அமர்த்தி எத்தனை தவணைக்கு நீதிமன்றம் ஏறி இறங்குவார்?

மரத்துக்குரியவரின் நிலையும் இரங்கத்தக்கதே. பட்டியலிலுள்ள மரத்தை உத்தரவின்றி வெட்டினால் அவர் குற்றவாளி. அபாயம் என்று தெரிந்தும் வாளாவிருந்து, மரம் அயலவரின் வீட்டின்மேல் விழுந்தால், அலட்சியத்துக்கு நட்டஈடு கட்ட வேண்டியவரும் அவரே. விண்ணப்பம் மேசையில் உறங்கும் நாட்களில் காற்று உறங்குவதில்லை. ஒரு குடிமகனை இவ்விரண்டுக்கும் நடுவே நிறுத்திவைப்பது நீதியாகுமா?

இது வெறும் அச்சமன்று. 2023 ஒக்டோபர் 6ஆந் திகதி, கொள்ளுப்பிட்டியில் டூப்ளிகேஷன் வீதியிலே இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் வண்டியொன்றின்மீது பெருமரம் சாய்ந்து ஐவர் மாண்டனர். அது வீதியோரத்து மரம், தனியார் மரமன்று. ஆயினும் அந்த நாளை நாம் நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆந் திகதியில். ஐவர் உயிரிழந்த வேளையில், எந்த மரம் எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று சபை மண்டபத்தில் எழுந்து கேட்பதற்கு, மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஒருவரேனும் கொழும்பு மாநகருக்கு இல்லை. இன்று இருக்கின்றனர். கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கின்றது.

வழி காட்டுவோர்

மரத்தின் உரிமையை நிலத்தின் உரிமையிலிருந்து பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது தொகுத்து முடிக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமை, ஒருவர் காணியில் மற்றொருவர் நட்ட மரத்தின் பயனை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. நிலத்துக்கு உறுதி வைத்திருப்பவரே மரத்துக்கும் முற்றுமுழுதான எசமானர் என்ற எண்ணம் நம் பழைய வழமைக்கு உடன்பாடன்று.

பிற நாடுகளையும் பாருங்கள். மகாராட்டிரத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகர சபைக்குள்ளேயே மரங்களுக்கென ஓர் அதிகாரசபை உண்டு. வெட்டக் கேட்கும் மரத்திலேயே அறிவித்தல் ஒட்டி, அயலவரின் ஆட்சேபம் கேட்கப்படுகின்றது. சிங்கப்பூரிலே மரப் பாதுகாப்பு வலயங்களில் 1 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரம், தனியார் காணியில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டப்படலாகாது. இங்கிலாந்திலே குறித்த மரத்தைக் காக்கக் கட்டளையிடும் அதிகாரம் உள்ளூராட்சி சபைக்கு உண்டு. உடனடி அபாயம் விளைக்கும் மரத்துக்கு விலக்கும் உண்டு. காக்கவும் அகற்றவும் ஒரே விதியில் இடம் வைக்கலாம் என்பதற்கு இவை சான்று.

ஓர் ஆட்சேபம்

“இன்னுமொரு அனுமதிப்பத்திரமா? இன்னுமொரு கையூட்டா?” என்று வாசகர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. உத்தரவு பெருகுமிடத்தில் இடைத்தரகரும் பெருகுவர். வெட்டமுடியாத மரத்தை எவரும் நடார் என்பதும் உண்மை. பத்து வருடம் வளர்த்த மரத்தைத் தேவைக்கு விற்க முடியாதென்றால், விவசாயி கன்றிலேயே பிடுங்கி எறிவார். ஆகவே உத்தரவைக் கூட்டும்படி நாம் கேட்கவில்லை. இருக்கும் உத்தரவுகளை ஒன்றாக்கி, தவணை குறித்து, காரணத்தை எழுத்திலே தரும்படி கேட்கின்றோம். இருட்டிலேதான் இலஞ்சம் வளரும்.

நமது கோரிக்கைகள்

மாநகர சபைகளுக்கு உபவிதி ஆக்கும் அதிகாரம் 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கின்றது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தி ஐந்து காரியங்கள் செய்யப்பட வேண்டும்.

முதலாவது, ஒரே படிவம், ஒரே அலுவலகம். வீட்டுக்காரர் மாநகர சபையில் விண்ணப்பத்தைக் கொடுத்தாற் போதும். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் பிரதேச செயலாளரின் அனுமதியைப் பெறுவது சபையின் வேலையாகட்டும். படிவமும் பதிலும் தமிழில் இருக்க வேண்டும். இது சலுகையன்று. 1988ஆம் ஆண்டின் 16ஆந் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, கொழும்பிலும் தமிழில் எழுதித் தமிழிற் பதில் பெறும் உரிமையை நமக்கு உறுதிசெய்கின்றது.

இரண்டாவது, நகரத்திலே மரத்தின் சாதியோடு சுற்றளவும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். சிறுமரத்துக்கும் கிளை கழிப்பதற்கும் உத்தரவு வேண்டா.

மூன்றாவது, தவணை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு கடிதத்தின் பிரதி கேட்டால் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காகிதத்துக்கு இத்தனை அவசரம் காட்டும் சட்டம், கூரைமேற் சாயும் மரத்துக்குக் காட்டக்கூடாதா? அபாயமான மரத்தை மூன்று நாளில் வந்து பார்க்க வேண்டும். ஏனையவற்றுக்கு 14 வேலைநாட்களில் முடிவு வேண்டும். மறுத்தால் காரணம் எழுதப்பட வேண்டும். மேன்முறையீட்டுக்கு வழியிருக்க வேண்டும்.

நான்காவது, அயலவரின் குரல். அபாயத்திலிருப்பவரும் விண்ணப்பிக்க உரிமை வேண்டும். கட்டடத்துக்காகப் பெருமரம் வீழ்த்தப்படுமாயின் அறிவித்தல் அம்மரத்திலேயே ஒட்டப்பட வேண்டும்.

ஐந்தாவது, ஈடு. கட்டட நிறுவனம் ஒரு மரத்தை வீழ்த்தினால் இரண்டை நட்டு, வேர்பிடிக்கும்வரை காக்க வேண்டும். வறியவரின் வளவிலுள்ள அபாய மரத்தைச் சபை தன் செலவில் அகற்ற வேண்டும்.

விவசாயிக்கு இதில் என்ன?

கொழும்பு வளவு மரத்துக்கும் தென்மராட்சி விவசாயிக்கும் என்ன தொடர்பென்று எவரும் எண்ண வேண்டா. ஒரு பெண்பனையை வெட்ட அவர் அனுமதிப்பத்திரம் கேட்டு நிற்க வேண்டியிருக்கின்றது. போர்க்காலத்திலே காவலரணுக்கும் பதுங்குகுழிக்குமாக இரு தரப்பாரும் சாய்த்த பனைகளுக்கு எவர் பத்திரம் கேட்டார்? சட்டம் எளியவரிடம் மட்டும் கண்டிப்புக் காட்டினால் அதன்மேல் மதிப்பு நிலைக்காது. கொழும்பிலே தெளிவான உபவிதி ஒன்று உருவானால், யாழ்ப்பாண மாநகர சபையும் வடக்குக் கிழக்கிலுள்ள பிரதேச சபைகளும் அதை முன்மாதிரியாகக் கொண்டு, பனைக்கும் வேம்புக்கும் தத்தம் மண்ணுக்கேற்ற விதி வகுக்கலாம். நமது சபைகளுக்கு அதிகாரம் போதாதென்று நாம் முறையிடுவது சரியே. இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்திக் காட்டுவதும் அம்முறையீட்டுக்கு வலுச்சேர்க்கும்.

ஆகவே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வட்டாரத் தமிழ் மக்களுக்கு நாம் சொல்வது இது: உங்கள் வட்டார உறுப்பினரைச் சந்தியுங்கள். மரம் பற்றிய விதிகளின் பிரதியைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தமிழிலே எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைக் கையிலெடுத்து, உபவிதிக்கான பிரேரணையைச் சபையில் கொண்டுவரும்படி வற்புறுத்துங்கள். வாக்குக் கேட்டு உங்கள் படலைக்கு வந்தவர்கள், அப்படலைக்கு உள்ளே நிற்கும் மரத்துக்காகவும் ஒருமுறை வாய்திறக்கட்டும்.