நன்மையின் பெயரால் நுகத்தடி

"உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்!"

அடிமைத்தளை பூட்டியோர் அனைவரும் ஓதிய மந்திரம் இது. விலங்கு என்று சொல்லி நீட்டினால் குழந்தையுங்கூடக் கையை இழுத்துக்கொள்ளும். காப்பு என்று சொல்லி நீட்டினாலோ, மகிழ்ந்து கை கொடுப்பார் உண்டு. ஆதிக்கக்காரன் இதனை நன்கறிவான். ஆகவேதான் அவன் நாவிலே தேன் ஒழுகுகிறது. முதுகுக்குப் பின்னே சாட்டை ஒளிந்திருக்கிறது.

கிரேக்கப் பேரறிஞன் அரிஸ்டாட்டில், பிறவியிலேயே அடிமையாகத் தக்கவர் சிலர் உண்டென்றும், ஆளப்படுவதே அவர்க்கு நலமென்றும் எழுதி வைத்தான். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பண்ணை முதலாளிகள், கறுப்பின அடிமைகளைத் தம் வீட்டுக் குழந்தைகள்போலக் காப்பதாகக் கதைத்தனர். அந்தக் "குழந்தைகளுக்கு" எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-லேயே சட்டமியற்றித் தடுத்தது! மகன் எழுத்தறியக் கூடாதென்று சட்டம் போடும் தந்தை எங்கேனும் உண்டா? அடிமையின் கைக்கு எழுதுகோல் வந்தால் அடுத்து என்ன வரும் என்று எஜமானுக்குத் தெரியும். அச்சந்தான் அங்கே அன்பு வேடம் புனைந்தது.

கடல் கடந்து போவானேன்? தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டுப் பல்லாண்டு போராடினர். 1859-இல் ஆணை பிறந்தது: மேலாடை அணியலாம், உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது! மானம் அவர்களுடையது, அனுமதிச் சீட்டு அரண்மனையுடையது! உரிமையை வழங்கும்போதுகூட "வழங்குபவன் நான்" என்பதை மறக்கவிடாது, ஆதிக்கம்.

"அப்படியானால் எவரும் எவருக்கும் வழிகாட்டவே கூடாதா? குழந்தை நெருப்பைத் தொடப்போனால் தடுக்க வேண்டாமா?" என்று கேட்பர் பழமை விரும்பிகள். தடுக்கத்தான் வேண்டும். நடைவண்டி வாங்கித் தரும் தாய், பிள்ளை நடந்ததும் அதை மூலையில் வைத்துவிட்டு மகிழ்கிறாள். ஆதிக்கக்காரனோ காலையும் வண்டியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறான். தான் தேவைப்படாத நாள் வரவேண்டுமென்று உழைப்பவன் வழிகாட்டி. அந்த நாள் வந்துவிடுமோ என்று நடுங்குபவன் எஜமான். ஐயமெனில் உரைகல் ஒன்று உண்டு: "மாட்டேன்" என்று சொன்னால் என்ன கிடைக்கிறது? விளக்கம் கிடைத்தால் அது வழிகாட்டுதல். அடி கிடைத்தால் அது ஆதிக்கம்.

ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் அந்த உரைகல்லை முதலில் வகுப்பறைக்கே கொண்டு செல்வோம். "அடியாத மாடு படியாது" என்று பழமொழி பேசிப் பிரம்பு தூக்கினர் தலைமுறை தலைமுறையாக. மாட்டுக்குச் சொன்னதை மாணவனுக்குச் சூட்டினர்! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது. ஆயினும் "நாலு போடு போட்டால்தான் படிப்பான்" என்னும் பேச்சு ஓயவில்லை. பிரம்புக்கு அஞ்சி வாய்பாடு ஒப்பிக்கும் சிறுவன், வலியவன் அடிக்கலாம் என்னும் பாடத்தையும் சேர்த்தே கற்கிறான். நாளை அவனுக்கும் ஒரு வீடு வரும். அங்கே அப்பாடத்தை ஒப்பிப்பான்.

வீட்டிலே என்ன காண்கிறோம்? 18 வயது நிறைந்த மகள், நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க அறிவுள்ளவளாம். தன்னோடு வாழ்வோனைத் தேர்ந்தெடுக்க அறிவற்றவளாம்! வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ குலத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடக் கூறிற்று. அதன் பின்னும் சாதி ஆணவக் கொலைகள் நின்றபாடில்லை. கொன்ற கைகளும் "அவள் நன்மைக்காக" என்றுதான் கண்ணீர் வடிக்கின்றன. மணமான பின்னேனும் அவள் உடல் அவளுடையதா? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், 18 வயது நிறைந்த மனைவியை அவள் இசைவின்றிக் கணவன் கூடுவதைப் பாலியல் வன்புணர்வாகக் கொள்ள மறுக்கிறது. தந்தையின் காப்பு கழன்றது. கணவனின் காப்பு பூட்டப்பட்டது!

தோழர்களே! இத்தனை கொடுமையும் நிலைத்து நிற்பது எதனால்? மேலிருந்து மிதிபடுகிறவனுக்குக் கீழே மிதிக்க ஒருவரைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அவன் படிக்கட்டை இடிக்க வருவானா? அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சுட்டியது இந்தச் சூழ்ச்சியைத்தான். ஆலைக்கு வெளியே முதலாளியை எதிர்த்து முழங்குகிறவன், வீட்டுக்குள் நுழைந்ததும் தானே முதலாளியாகிவிடுகிறான்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை, 60 ஆண்டுகள் காத்திருந்தோம். சட்டமும் வந்தது. ஆனால் இன்றும் பத்திரப்பதிவு அலுவலகத்திற்குச் சகோதரியை அழைத்துச் சென்று, "குடும்ப ஒற்றுமைக்காக" அவள் பங்கை எழுதி வாங்குகிறோர் உண்டு. அந்தத் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரமாம்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? அப்படி எழுதி வாங்குகிறவன் கருப்புச் சட்டை அணிந்திருந்தால் குற்றம் குறைந்துவிடுமா? இருமடங்காகும்!

கடவுளின் பெயரால் ஆள வந்தவனைக் கேள்வி கேட்கக் கற்றோம். பிறப்பின் பெயரால் ஆள வந்தவனைக் கேள்வி கேட்கக் கற்றோம். அன்பின் பெயரால் ஆள வருகிறவனையும் கேட்டாக வேண்டும்; அவன் நம் தந்தையானாலும், தலைவனானாலும், கண்ணாடியில் தெரியும் நாமேயானாலும்! "மாட்டேன்" என்ற சொல்லை அஞ்சாது சொல்லும் வீடும், அச்சொல்லைச் சினமின்றிக் கேட்கும் செவியும் உண்டாகும் அன்றுதான் சுயமரியாதை மேடையிலிருந்து இறங்கி வாழ்வுக்குள் வரும். அந்த வீட்டை எவரும் கட்டித் தரமாட்டார். நாம்தான் கட்டவேண்டும், நம் வீட்டிலிருந்தே!