ரத்தத்தில் ஊறியதல்ல, உதடு புண்ணாகிக் கற்றது

"உங்க ஆளுங்களுக்கு இசை ரத்தத்துலயே ஊறிக் கெடக்கு" என்கிறார்கள். முற்போக்கு மேடையிலும் சொல்கிறார்கள், பேண்டு செட்டுக்கு முன்பணம் கொடுக்க வரும் ஊர்ப் பெரியவரும் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் நாம் உஷாராக வேண்டும். இந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கவே எழுதுகிறேன்.

என் அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட்டு வாசித்தவர். உச்சஸ்தாயியில் அவர் நின்றால் டிரம்மைத் தாண்டித் தெருக்கோடிவரை கேட்கும். மைக் கிடையாது. அந்தச் சத்தம் ரத்தத்திலிருந்தா வந்தது?

புல்லாங்குழலில், நாதஸ்வரத்தில் ஒரு சுரத்தை அழுத்தி ஊதினால் அதே சுரம் மேல்ஸ்தாயியில் பேசும். கிளாரினெட்டு அப்படிப் பேசாது. 'ச' பிடித்துக் கட்டைவிரல் சாவியைத் திறந்தால் மேல் 'ச' வராது, மேல்ஸ்தாயி 'ப' வரும். இன்னும் தாவினால் அதற்கடுத்த ஸ்தாயியின் காந்தாரம், அதுவும் சுருதி விலகி. அந்த உயரத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனியாக விரல்பிடி தேட வேண்டும். மிச்சத்தை உதடும் நாக்கும் தொண்டையும் சரிசெய்ய வேண்டும். பழகாதவன் பயத்தில் ரீடைக் கடிப்பான். கடித்தால் சத்தம் அடைக்கும், இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். "கடிக்காதடா, காத்த விடு." இதுதான் அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம். ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை ஆடாமல் நிறுத்த வேண்டும். அது நின்ற பிறகுதான் அதற்குமேல் அரைச்சுரம். கீழுதட்டின் உள்பக்கம் பல் பதிந்து புண்ணாகும். ஆறுவதற்குள் அடுத்த சாவு வந்துவிடும்.

டவுனில் வாடகைக்கு இருந்தபோது, "காட்டுக் கத்தலாயிருக்கு" என்று வீட்டுக்காரர் காலிபண்ணச் சொன்னார். அப்பா ஏரிக்கரைக்குப் போய் ஊதினார். சபாவில் பாடுகிறவர் விடியற்காலையில் செய்தால் அது அசுரசாதகம். பேண்டுக்காரன் செய்தால் கத்தல். இதே கிளாரினெட்டு வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. அவர் உழைப்புக்கு அது தகும். அவரிடம் உழைப்பைக் கேட்டறிந்த காது, எங்கள் தெருவுக்கு வந்ததும் ரத்தத்தை மட்டும் கேட்பதேன்?

கறுப்பர்களுக்கு இசை பிறவியிலேயே வரும் என்று வெள்ளையர்களும் கதை பரப்பினார்கள். நியூ ஆர்லியன்ஸின் ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் சுமை தூக்கிய கிளாரினெட்டுக் கலைஞர். 1944இல் வேலையில் பலமாக அடிபட்டுப் படுத்தபோதும் படுக்கையிலேயே வாசித்துப் பழகினார். பிறவியில் வந்தது என்றால் எதற்கு அந்தப் பாடு?

'பரம்பரை' என்ற சொல் எங்கள் கூலியில் கைவைக்கிறது. பிறவியில் வந்ததற்கு யார் காசு கொடுப்பான்? ஊதிய நாலு மணி நேரத்துக்குப் பேரம் பேசுகிறான், ஏரிக்கரையில் போன வருசங்கள் கணக்கில் வருவதில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் வழக்கமான ஏழு பாடங்களில் நாதஸ்வரம் உண்டு, வயலின் உண்டு, கிளாரினெட்டு இல்லை. ரத்தத்தில் இருப்பதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்றுதானே?

இதைவிட மோசமானது ஒன்றுண்டு. "இனி சாவுக்கு வாசிக்க மாட்டோம்" என்று நம் பிள்ளைகள் சொன்னால், "பரம்பரைத் தொழிலை விடலாமா?" என்று கேட்கிறார்கள். கற்ற வித்தையை, பிடிக்காவிட்டால் கீழே வைக்கலாம். ரத்தத்தைக் கீழே வைக்க முடியுமா? அதற்காகத்தான் அவர்களுக்கு அது ரத்தமாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

தோழர்களே, நம் மேடைகளிலாவது அந்த வார்த்தையை நிறுத்துங்கள். எங்கள் கலைஞனைப் பாராட்ட வேண்டுமானால், எத்தனை வருசம் பழகினாய், என்ன கூலி வாங்குகிறாய் என்று முதலில் கேளுங்கள்.