செவ்வியல் வாசிப்பும் கட்ட விளையாட்டும்: பசறையிலிருந்து ஒரு மறுப்பு

அண்மைக்காலத்தில் வாசகர் வட்டங்களிலும் மாணவர் மத்தியிலும் ஒரு புதிய வழக்கம் பரவி வருகின்றது. ஆண்டுத் தொடக்கத்தில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் வரையப்பட்ட ஓர் அட்டை வழங்கப்படும். சங்க நூல் ஒன்று, பெண்பாற் புலவர் ஒருவர் பாடியது, பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல் ஒன்று, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று, ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது ஒன்று என ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கும். படித்து முடித்த நூலுக்குரிய கட்டத்தை அடித்துவிட வேண்டும். வரிசையாக ஐந்து கட்டங்கள் அடிபட்டதும் ‘பிங்கோ’ என்று கூவலாம். அட்டை முழுவதையும் நிரப்பியவர் அவ்வாண்டின் பெருவாசகர். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியின் சீட்டுக்குலுக்கலை மூலமாகக் கொண்டு, பொழுதுபோக்குக் கழகங்களில் எண்களைக் கூவி ஆடப்பட்டு வந்த ஆட்டம் இன்று இலக்கியத்துக்கும் வழிகாட்ட முன்வந்துள்ளது. செவ்வியல் நூல்களை ஓராண்டுக்குத் திட்டமிட்டுப் படிக்க இதனினும் சிறந்த வழி இல்லையென இதன் ஆதரவாளர் வாதிக்கின்றனர். அவ்வாதத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் அளித்துவிடுதல் நேர்மை. அட்டை ஒருவரைத் தம் பழக்கத்தினின்றும் வெளியே தள்ளுகின்றது. கல்கியையும் ஜெயகாந்தனையும் அன்றி வேறொருவரைத் தொடாதவர், ஒரு கட்டம் வெறுமையாகக் கிடக்கின்றதே என்ற உறுத்தலினாலாவது காரைக்காலம்மையாரைத் தேடிச் செல்வார். அதைக் கேலி செய்வதற்கில்லை. மேலும், அட்டையைப் பழிக்கும் விரிவுரையாளர் தம் கைகளையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். சங்கத்தில் இத்தனை பாடல், காப்பியத்தில் ஒரு காண்டம், பக்தியில் ஒரு பதிகம், நவீனத்தில் ஒரு நாவல் எனப் பகுத்து வைத்திருக்கும் பாடத்திட்டம் வேறென்ன? அதுவும் ஓர் அட்டையே. பரிசு மாத்திரமே வேறு.

எனவே அட்டையின் மீதான எமது குற்றச்சாட்டு, அது விளையாட்டாக இருக்கின்றது என்பதன்று. அது எதனை எண்ணுகின்றது என்பதே வினா. ஓராண்டின் நாட்களை 25 கட்டங்களுக்குப் பங்கிட்டால் ஒரு நூலுக்கு ஏறத்தாழ 15 நாட்கள் கிடைக்கும். சீவக சிந்தாமணி 3145 செய்யுட்களைக் கொண்டது. அதனை 15 நாட்களில் முடிக்க வேண்டுமாயின் நாளொன்றுக்கு 200க்கு மேற்பட்ட செய்யுட்களைக் கடந்தாக வேண்டும். முல்லைப்பாட்டோ 103 அடிகளில் முடிந்துவிடுகின்றது. ஒரு மாலைப்பொழுது போதும். அட்டை இவ்விரண்டுக்கும் ஒரே மதிப்பை, அதாவது ஒரு கட்டத்தை, அளிக்கின்றது. இந்நிலையில் கெட்டிக்கார ஆட்டக்காரர் எதனைத் தெரிவு செய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முல்லைப்பாட்டையும் நிறுத்திப் படிக்கமாட்டார் என்பதே பெருந்துயரம். அடுத்த கட்டம் காத்திருக்கின்றதே!

தமிழில் இத்தகைய வாசிப்பின் போதாமையை உணர்த்தும் சம்பவம் ஒன்று நம்மில் பலர் அறிந்ததே. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த உ. வே. சாமிநாதையர், தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என ஒரு நீண்ட பட்டியலை ஒப்புவித்தார். இன்றைய அட்டைகள் பலவற்றை அவர் ஒருவரே நிரப்பியிருக்கக்கூடும். முதலியார் வியக்கவில்லை; பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார்; பின்னர் சிந்தாமணியைக் கையில் வைத்தார். அதன்பின் நிகழ்ந்ததே இங்கு மனங்கொள்ளத்தக்கது. எத்தனையோ நூல்களைக் கற்ற அந்த ஆசிரியருக்கு அந்த ஒரு நூல் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சைன அன்பர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களது வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் கேட்டறிந்து, பல ஏடுகளை ஒப்பிட்டு, 1887இல் அதனைப் பதிப்பித்தார். ஒரு நூலுக்கு ஏழாண்டுகள். அவ்வேழாண்டுகளில் அவர் சைவராகவே இருந்துகொண்டு சைனரிடம் மாணவராக அமர்ந்தார் என்பதை நான் அப்பதிப்புக்கு இணையான சாதனையாகவே கருதுகின்றேன். ஆண்டுக்கு 25 நூல் என்ற வேகத்தில் ஓடுபவர் எவருடைய வாயிலிலும் காத்திருக்கமாட்டார்.

இனி, பசறையிலிருந்து எழுதுபவனுக்கு மேலும் ஒரு மனக்குறை உண்டு. பிங்கோ அட்டையின் நடுக்கட்டம் வழமையாக இலவசக் கட்டம். ஆட்டம் தொடங்குமுன்னரே அதனை அடித்துவிடலாம். அதற்கென எதுவும் செய்யத் தேவையில்லை. ஈழத்துத் தமிழிலக்கியம் பற்றிய நமது கருத்தரங்குகளில் மலையகம் பெற்றிருக்கும் இடம் இந்த இலவசக் கட்டமே என்று கூறுவது மிகையாகாது. சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரை ஒருமுறை உச்சரித்து, என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதி 1980இல் வெளிவந்ததை நினைவூட்டி, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யையும் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டால் கட்டம் அடிபட்டுவிடும். எத்தனை பேர் அவற்றைப் படித்துவிட்டுப் பேசுகின்றனர்? புதிதாகப் பரவும் அட்டைகளிலும் ‘மலையக நூல் ஒன்று’ என ஒரு கட்டம் கருணையோடு ஒதுக்கப்படுகின்றது. ஒன்று! பதுளை, பசறை, லுணுகலை, நமுனுகுலை என்று நீளும் இத்தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவி, தன் பாட்டியின் வாழ்நாள் முழுவதும் 25இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டிருப்பதை அங்கு காண்கிறாள். அதனை அவள் நன்றியோடு ஏற்கவேண்டும் என்றும் எதிர்பார்க்கப்படுகின்றது.

கட்டங்களை இரண்டாக்குக, மூன்றாக்குக என்று கேட்பதல்ல எமது நோக்கம். கட்டமாகப் பிரிப்பதிலேயே தவறு இருக்கின்றது. ‘சங்கம்’ ஒரு கட்டத்திலும் ‘மலையகம்’ வேறொரு கட்டத்திலும் இருக்கும்வரை ஒன்று மற்றொன்றைத் தீண்டாது. புறநானூற்றில் பாரியின் பறம்புமலை பற்றிக் கபிலர் பாடியவற்றையும் பாரி மகளிர் பாடலையும் எடுத்துக்கொள்வோம். மூவேந்தர் முற்றுகையில் தந்தையை இழந்து, குன்றையும் இழந்த பெண்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நடக்கும் புலவர். நடக்க நடக்கப் பின்னால் இன்னமும் தெரிந்துகொண்டேயிருக்கும் மலை. சங்கக் கட்டத்தை அடிப்பவர்க்கு இது கையறுநிலைத் துறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பசறையில் இருந்து படிப்பவர்க்கோ இது வேறொன்று. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் கதை அது. பதுளையில் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்தோர் பலர். அவருள் ஒரு பகுதியினர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மற்றொரு தேயிலை மலையில் கொழுந்து பறிக்கச் சென்றனர். புகையிரதம் வளைந்திறங்கும்போது அவர்களுக்கும் மலை பின்னால் தெரிந்திருக்கும்.

இவ்வொப்புமையை இத்துடன் நிறுத்துவது எளிது; நிறுத்தினால் அது வெறும் உருக்கம். ஒரு மாதம் அப்பாடல்களோடு இருந்தால்தான் வேறுபாடு தலைகாட்டும். பறம்பு பாரியுடையது. நமுனுகுலை எவருடையது? காட்டை வெட்டி, மலையைச் செதுக்கி, தேயிலை நட்டவர் அதில் ஒரு பேர்ச் காணிக்கும் உரியவரல்லர். லயத்தின் காம்பராவும் அவருடையதன்று. தமக்கு உரிமையில்லாத மலையைப் பிரிகையில் எழும் துயரத்துக்குப் புறத்திணையில் துறை வகுக்கப்பட்டுள்ளதா? குறிஞ்சியின் தினைப்புனம் காக்கும் பெண்ணையும், பெரட்டுக்குப் பிந்திவிடக்கூடாதென்று விடியுமுன் மலையேறும் பெண்ணையும் ஒரே திணையில் வைக்கலாமா? இவை தேர்வுத்தாளில் வரும் வினாக்களல்ல. இவ்வினாக்கள் எழவேண்டுமாயின் புறநானூறும் இராமையாவின் கதைகளும் ஒரே மேசையில் திறந்து கிடக்க வேண்டும். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் அருகில் இருத்தல் நன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழகத்திலிருந்து கற்பனை செய்த அக்கதையும், தோட்டத்திலேயே பிறந்த எழுத்தும் எங்கே பிரிகின்றன என்பதை அப்போது விரல்வைத்துக் காட்டலாம்.

ஆண்டுத் திட்டமே வேண்டாம் என்கிறீரா எனச் சிலர் கேட்கலாம். வேண்டும்; ஆனால் அதனை நாம் இரவல் வாங்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு ஆண்டுதோறும் நடைபெற்று வந்துள்ளது. ஒருவர் செய்யுளைப் பாட, மற்றொருவர் பயன் சொல்வார்; கேட்போர் பலர் முந்திய ஆண்டும் கேட்டவர்களே. முடித்தோம் என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை, மறுஆண்டு மீண்டும் தொடங்கும். இம்மரபை நான் போற்றிப் பாடவில்லை. அதே கோயில்கள் பலவற்றின் கதவுகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியிருந்தன என்பதையும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்தவற்றையும் மறந்துவிட்டுப் புராண படனத்தை விதந்து பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. முறையை எடுத்துக்கொள்வோம், கதவை விட்டுவிடுவோம்.

தோட்டங்களுக்கு வருவோமாயின், மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன்கூத்து இருக்கின்றது. மன்மதனும் ரதியும் மணம்புரிவதும், சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்வதும், எரிக்கப்படுவதும், ரதியின் புலம்பலும் பல நாட்களாக விரியும். கச்சியப்பர் காமதகனப் படலத்தில் பாடிய அதே கதைதான். பகலில் மலையில் நின்றவர்களே இரவில் வேடம் கட்டுகின்றனர். அடுத்து எந்தப் பாட்டு வரும் என்பது சிறுவர்க்கும் தெரியும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இவ்வாறே ஆண்டு தவறாமல் மீள வருவன. எழுத்தறிவற்றோர் எனப் பிறரால் எழுதப்பட்ட இம்மக்கள், ஒரே கதையை வாழ்நாளில் நாற்பது முறை ‘வாசித்தவர்கள்’. தஞ்சைப் பக்கத்து லாவணியிலோ, காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் விடிய விடிய வாதிடும். இதனினும் உயர்ந்த இலக்கிய விமர்சனக் கூட்டம் நமது விரிவுரை மண்டபங்களில் எத்தனை நடந்துள்ளது?

நூல் கிடைப்பதில்லையே என்பது நியாயமான தடை. பசறையில் புத்தகக் கடைக்கு மாணவர் பதுளைக்கு பஸ் ஏறுகின்றனர். அங்கும் பரீட்சை வழிகாட்டிகளே அடுக்கப்பட்டிருக்கும். அட்டை போடுவோர் இதைப்பற்றிச் சிந்திப்பதே இல்லை. 25 நூல்களை விரும்பியவாறு பெறக்கூடியவரே அவர்களது கற்பனை வாசகர். ஆனால் நான்கைந்து நூல்களாயின் நிலைமை வேறு. 1998 முதல் மதுரைத் திட்டமும் 2005 முதல் நூலகம் நிறுவனமும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்துள்ள மின்பிரதிகளைக் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். ஒருவர் உரக்கப் படித்தால் ஒரு பிரதியே பதின்மருக்குப் போதும்.

எனவே தமிழ்ச் சங்கத்தின் முன் நான் வைக்கும் ஆண்டு இது. தையில் பறம்புப் பாடல்கள், வேலுப்பிள்ளையின் எழுத்துக்களோடு. மாசியில் காமதகனப் படலம். அதைப் படித்தவர்கள் ஓரிரவாவது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வந்து கூத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை சிலப்பதிகாரம், 30 காதைகளும், அவசரமின்றி. கண்ணகி விண்ணேறியதைக் கண்டு சொன்னோர் மலைவாழ் குறவர் என்பதும், கயவாகு அக்காப்பியத்தில் இடம்பெறுகின்றான் என்பதும், ஊவாவின் சிங்கள அயலவர் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கம்மடுவச் சடங்கில் இன்றும் வழிபடுகின்றனர் என்பதும் ஆறு மாதங்களுக்குப் போதுமான பொருள். அவர்களுள் ஒருவரை அழைத்து அருகில் இருத்திக் கேட்பதும் தகும். சாமிநாதையர் சைனரிடம் சென்றாரல்லவா? எஞ்சிய மாதங்கள் இராமையா, கோகிலம் சுப்பையா, ஜோசப் ஆகியோருக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, மூன்றாமவர் மறுக்க வேண்டும். பயன் சொல்லும் முறை முதலிரு மாதங்களும் மாணவருடையது. விரிவுரையாளர்கள் பங்குனியிலிருந்து பேசலாம்.